மலையூர் ஸ்டார்ட்அப்புக்கு நல்ல ஆட்களைச் சேர்ப்பது எப்படி: கோத்தகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

எங்கள் கம்பெனியில் இப்போது 14 பேர். கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் வரும் ஒரு வீட்டின் மாடிதான் அலுவலகம். சிறு தேயிலை விவசாயிகளிடம் ஏஜென்ட் எடுக்கும் பசுந்தேயிலையின் எடை, ஈரத்துக்காகக் கழிக்கும் கழிவு, கொடுத்த பணம், பாக்கி எல்லாவற்றையும் பதிந்து வைக்கும் மொபைல் செயலி எங்களுடையது. தொடங்கியதிலிருந்து இதுவரை 23 பேரை வேலைக்கு எடுத்திருக்கிறோம். ஒன்பது பேர் போய்விட்டார்கள். அதில் நான்கு பேர் போனதற்கு முழுக்காரணம் நாங்கள் ஆள் எடுத்த விதம்தான்.

ஊட்டி, குன்னூர், கூடலூர் பக்கம் புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் என்னைப் பார்க்க வரும்போது "இங்கே திறமையான ஆள் கிடைக்குமா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிடைக்கும். ஆனால் அந்தத் திறமை பயோடேட்டாவில் தெரியாது, பத்து நிமிடப் பேச்சிலும் தெரியாது. வேலையைக் கையில் கொடுத்தால்தான் தெரியும். அதைக் கற்றுக்கொள்ள எங்களுக்கு இரண்டு வருடம் ஆனது. உங்களுக்கு அவ்வளவு காலம் ஆக வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

விளம்பரம் போடும் முன்

முதலில் ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். இரண்டு வாரத்துக்கு, நீங்களும் உங்கள் கூட்டாளியும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுக்கிறீர்கள் என்று அன்றன்றைக்கு எழுதி வையுங்கள். நாங்கள் அப்போது "மார்க்கெட்டிங் மேனேஜர் ஒருவர் வேண்டும்" என்ற எண்ணத்தில் இருந்தோம். நோட்டைப் பார்த்தால் எங்கள் நேரத்தில் பாதி, ஏஜென்ட்களின் போனுக்குப் பதில் சொல்வதிலேயே போயிருந்தது. "எடை போட்டேன், காட்டமாட்டேங்குது", "போன மாசக் கணக்கு எங்க போச்சு" என்று நாள் முழுவதும் அழைப்புகள். எங்களுக்குத் தேவைப்பட்டவர், பொறுமையாகப் பேசிச் சொல்லிக்கொடுக்கக்கூடிய ஒருவர். பெரிய பதவிப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு தேடியிருந்தால் தப்பான ஆளைத்தான் எடுத்திருப்போம்.

இன்னொன்று, நீங்கள் ஒரு மாதமாவது செய்து பார்க்காத வேலைக்கு ஆள் எடுக்காதீர்கள். எது நன்றாகச் செய்த வேலை, எது ஒப்பேற்றிய வேலை என்று உங்களுக்கே தெரியாவிட்டால், வருபவரின் திறமையை எதை வைத்து அளப்பீர்கள்?

அப்புறம் பணக்கணக்கு. ஒருவரை எடுக்கும்போது அவருடைய ஒரு வருடச் சம்பளம் கையிலோ, உறுதியான வரவிலோ இருக்க வேண்டும் என்பது நான் வைத்திருக்கும் அளவு. சம்பளத்துக்கு மேல் என்ன வரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 10 பேர் ஆகிவிட்டால் ஊழியர் மருத்துவக் காப்பீடான இ.எஸ்.ஐ. வருகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு நிறுவனத்தின் பங்கு 3.25 சதவீதம், ஊழியரின் பங்கு 0.75 சதவீதம். 20 பேர் ஆனால் வருங்கால வைப்பு நிதி, இருபுறமும் 12 சதவீதம். உதாரணமாக, 18,000 ரூபாய் சம்பளம், அதில் 12,000 அடிப்படைச் சம்பளம் என்றால், இ.எஸ்.ஐ.க்கு 585, வைப்பு நிதிக்கு 1,440, இது போக நிர்வாகக் கட்டணம் கொஞ்சம். ஆக, உங்களுக்கு ஆகும் செலவு 20,000-ஐத் தாண்டும். தீபாவளி போனஸ் தனி. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிவு செய்யும்போதே இ.எஸ்.ஐ., வைப்பு நிதி எண்கள் இரண்டும் வந்துவிடும். அதைப் பார்த்து முதல் மாதத்திலிருந்தே கட்ட வேண்டுமோ என்று பயப்பட வேண்டாம், ஆள் எண்ணிக்கையைப் பொறுத்ததுதான். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு முறை உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

எல்லா வேலைக்கும் மலை மேலேயே ஆள் இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை. எங்கள் மூத்த புரோகிராமர் கோவையில் இருக்கிறார். மாதம் இரண்டு முறை மேலே வருகிறார். இரண்டு வருடமாக நன்றாகவே நடக்கிறது. ஏஜென்ட்டைப் பார்த்துப் பேசும் வேலைக்கு மட்டும் இங்கேயே இருப்பவர்கள்.

விளம்பரத்தில் என்ன எழுதுவது

சம்பளத்தை எழுதுங்கள். "தகுதிக்கேற்ற சம்பளம்" என்று எழுதினால், கூச்சப்படுகிறவர்கள் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். மலைப்பகுதியில் கூச்சப்படுகிறவர்களில்தான் பல நல்ல வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். எங்களுக்கு அதிகமாகப் பலன் தந்த விளம்பரம் இது:

"கோத்தகிரியில் வேலை. தேயிலை ஏஜென்ட்களுக்குப் போனிலும் நேரிலும் எங்கள் செயலியைப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தமிழ் நன்றாகப் பேச வேண்டும். படுக மொழி தெரிந்தால் இன்னும் நல்லது. வாரத்தில் இரண்டு நாள் வெளியே போக வேண்டியிருக்கும், பஸ் செலவு கம்பெனியுடையது. சம்பளம் 18,000 முதல் 22,000 வரை. காலை 9 முதல் மாலை 5 வரை. பட்டம் கட்டாயம் இல்லை. தேர்வுக்காக அரை நாள் வேலை செய்து காட்ட வேண்டும், அதற்கு 600 ரூபாய் கொடுப்போம்."

இதில் "உற்சாகமான", "துடிப்பான", "சவால்களை விரும்பும்" என்று எதுவும் கிடையாது. படிப்பவருக்கு வேண்டியது, காலையில் வந்து என்ன செய்ய வேண்டும், எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகலாம், கையில் எவ்வளவு வரும் என்பதுதான். மாலை 5 மணி என்று எழுதியதற்கும் காரணம் இருக்கிறது. இருட்டினால் கோத்தகிரித் தெருவிலேயே காட்டுமாடு நிற்கும். கரடி வரும். கிராமத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் நடந்து போக முடியாது. இரவு எட்டு மணி வரை ஆட்களை உட்கார வைப்பது நகரத்து ஸ்டார்ட்அப்களில் பழக்கமாக இருக்கலாம். இங்கே அது ஆபத்து. பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

எங்கே தேடுவது

கல்லூரிகளிலிருந்து தொடங்கலாம். ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-லிருந்து இருக்கிறது. குன்னூரில் பிராவிடன்ஸ் மகளிர் கல்லூரி, கேத்தியில் சி.எஸ்.ஐ. பொறியியல் கல்லூரி, கூடலூரில் அரசு கலை அறிவியல் கல்லூரி, ஊட்டியில் அரசு பாலிடெக்னிக். உங்கள் தொழில் உணவு, மருந்து, அழகுப்பொருள் சார்ந்தது என்றால் ஊட்டி ஜே.எஸ்.எஸ். மருந்தியல் கல்லூரி. பிளேஸ்மென்ட் அதிகாரிக்கு மெயில் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்காதீர்கள். நேரில் போய்த் துறை ஆசிரியரைப் பார்த்து, "வகுப்பில் அதிகம் பேசாமல், கொடுத்த வேலையை ஒழுங்காக முடித்துக் கொண்டுவரும் பிள்ளைகள் யார்?" என்று கேளுங்கள். முதல் மதிப்பெண் யார் என்று எல்லாக் கம்பெனியும் கேட்டுவிட்டுப் போயிருக்கும். நான் சொல்லும் கேள்விக்கு ஆசிரியர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் என்னென்ன பயிற்சி எடுத்திருக்கிறார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

இரண்டாவது, வீடு திரும்ப விரும்புகிறவர்கள். தொண்ணூறுகளின் கடைசியில் பசுந்தேயிலை விலை விழுந்த பிறகு, ஒரு தலைமுறையே கோவை, திருப்பூர், பெங்களூரு என்று இறங்கிப் போனது. அவர்களில் பலருக்கு இப்போது ஊரில் வயதான அப்பா அம்மா இருக்கிறார்கள். பார்க்க ஆளில்லாத தோட்டம் இருக்கிறது. சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் வரத் தயாராக இருக்கிறார்கள். ஊர்ப் பண்டிகைக்கு வரும்போது அவர்களைப் பிடிக்கலாம். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் படுகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எல்லோரும் ஊரில் இருப்பார்கள். எங்கள் கணக்குப் பிரிவைப் பார்த்துக்கொள்பவரை அப்படித்தான் கண்டுபிடித்தோம்.

மூன்றாவது, யாரும் தேடிப் போகாத இடங்கள். 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள், அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் குடியிருப்புகளில் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளில் பட்டம் படித்தவர்கள் இருக்கிறார்கள், ஆனால் "உனக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்" என்று நாம் சொல்லும் வட்டத்துக்குள் அவர்கள் வருவதில்லை. குடியிருப்புக் கோயில் பக்கத்திலும் டீக்கடையிலும் நோட்டீஸ் ஒட்டினோம். ஐந்து விண்ணப்பம் வந்தது, ஒருவரை எடுத்தோம்.

வெலிங்டன் ராணுவக் கல்லூரிக்குப் படிக்க வரும் அதிகாரிகளின் மனைவிமாரில் வடிவமைப்பு, எழுத்து, மென்பொருள் வேலை தெரிந்தவர்கள் உண்டு. படிப்பு ஒரு வருடத்துக்குள் முடிந்துவிடும், அவர்களும் போய்விடுவார்கள். எனவே நிரந்தர வேலைக்குச் சரிவராது. ஆறு மாதத்தில் முடியும் திட்டம் ஒன்று இருந்தால் அருமையாகச் செய்து கொடுப்பார்கள். ஊர் மாறிய பிறகும் எங்களுக்காக வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார்.

வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாம், தமிழக அரசின் தனியார் வேலைவாய்ப்பு இணையதளம் இரண்டும் இலவசம். போட்டு வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. தெரிந்தவர் மூலமாக வரும் ஆள் சுலபமாகக் கிடைப்பார், சீக்கிரம் பழகிவிடுவார். ஆனால் எல்லோரையும் அப்படியே எடுத்தால் அலுவலகம் முழுக்க ஒரே ஹட்டி (படுகர் ஊர்), ஒரே உறவு என்று ஆகிவிடும். ஊரில் ஒரு துக்கம் என்றால் ஹட்டியே கூடும், கூடத்தான் வேண்டும். எங்களுக்கு ஒரு முறை, 9 பேரில் 6 பேர் ஒரே நாளில் இல்லை, அன்று ஏஜென்ட்களுக்குப் பணம் பட்டுவாடா நாள். அதைவிடப் பெரிய பிரச்சினை, வெளியிலிருந்து வரும் ஏழாவது ஆளுக்கு அந்த அலுவலகம் யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைந்ததுபோல இருக்கும்.

பயோடேட்டாவைப் படிக்கும்போது

இதை ரொம்ப நேரம் படிக்க வேண்டாம். பல பயோடேட்டாக்கள் பிரவுசிங் சென்டரில் ஒரே அச்சில் எடுத்தவை. அதிலுள்ள ஆங்கில வரிகளை விண்ணப்பித்தவரே எழுதியிருக்க மாட்டார். நான் பார்ப்பது இரண்டுதான்: ஏதாவது ஒன்றை வருடக்கணக்கில் விடாமல் செய்திருக்கிறாரா, யாராவது நம்பி அவரிடம் பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்களா. மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு நான்கு வருடம் கணக்கு எழுதிய ஒரு பெண், அதைப் பயோடேட்டாவில் போடவே இல்லை. கேட்டபோது, "அது வேலை இல்லீங்களே" என்றார். இடையில் இரண்டு மூன்று வருடம் காலியாக இருந்தால் ஒதுக்கிவிடாதீர்கள். குழந்தை, நோயாளி, தோட்டம் என்று காரணம் இருக்கும்.

அரை நாள் வேலை: இதுதான் முக்கியம்

1998-இல் ஷ்மிட், ஹண்டர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், ஆள் தேர்வு பற்றிய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மையான வேலையின் ஒரு பகுதியைக் கொடுத்துச் செய்யச் சொல்வதும், எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே முறையில் கேட்கும் நேர்காணலும் நல்ல பலன் தருபவை என்று கண்டார்கள். எத்தனை வருட அனுபவம், எத்தனை வருடப் படிப்பு என்பவை அந்த வரிசையில் மிகவும் கீழே இருந்தன. 2022-இல் வேறு ஆய்வாளர்கள் அந்தக் கணக்கைத் திருத்தியபோதும், ஒழுங்காகத் திட்டமிட்ட நேர்காணல் முதலிடத்துக்கு வந்தது. நான் இதைப் பிற்பாடுதான் படித்தேன். அதற்கு முன்பே ஒரு மழைக்கால வெள்ளிக்கிழமை எங்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்துவிட்டது.

அந்த வாரம் ஒரு ஏஜென்ட்டின் மொபைல் நனைந்து கெட்டுப்போனது. அன்றைய எடையெல்லாம் காகிதத்தில் மட்டும். விவசாயிகள் கையில் இருந்த 40 சீட்டுகள், ஏஜென்ட்டின் பாக்கெட் நோட்டு, இரண்டும் ஈரம். ஆள் தேர்வுக்கு அன்று நான்கு பேர் வந்திருந்தார்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை. நான்கு பேருக்கும் அந்தச் சீட்டுகளின் நகலைக் கொடுத்து, ஒவ்வொரு விவசாயிக்கும் எவ்வளவு பணம் வர வேண்டும் என்று கணக்குப் போடச் சொன்னோம்.

மூன்று பேர் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார்கள். நான்காவதாக வந்த பெண், கட்டபெட்டு பக்கம், பி.காம். பயோடேட்டாவில் அரியர் வைத்துப் பாஸ் செய்திருந்தது தெரிந்தது. காலையில் பேசியபோது மேஜையைப் பார்த்தே பதில் சொன்னார். அவர் முக்கால்வாசியில் நின்றுவிட்டார். ஒரு சீட்டைத் தனியாக எடுத்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இந்த அம்மா சீட்டுல 83 கிலோன்னு இருக்குங்க. நோட்டுல 38-ன்னு இருக்கு. ரெண்டுலயும் மூணு மூட்டைன்னு போட்டிருக்கு. மூணு மூட்டைக்கு 38 கிலோ வராதுங்க. ஏஜென்ட்டுக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டு எழுதட்டுமா?"

மற்ற மூவரில் இரண்டு பேர் நோட்டில் இருந்த எண்ணை அப்படியே எடுத்திருந்தார்கள். ஒருவர் சீட்டில் இருந்ததை எடுத்திருந்தார், ஆனால் ஏன் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. இந்தப் பெண்ணின் அம்மா கூலிக்கு இலை பறிப்பவர். ஒரு மூட்டை எவ்வளவு கனம் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு நிற்காமல், தானாக முடிவு செய்யக் கூடாது, கேட்க வேண்டும் என்பதும் தெரிந்திருந்தது. காலைப் பேச்சை மட்டும் வைத்து முடிவு செய்திருந்தால் அவரை அனுப்பியிருப்போம். இன்று அவர்தான் எங்கள் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்குத் தலைமை.

உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். கீழே சொல்பவற்றைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் உங்கள் அலுவலகத்தில் நிஜமாகவே வந்த வேலையாக இருக்கட்டும். அதில் ஒரு குழப்பம் இருக்க வேண்டும், யாரையாவது கேட்டால்தான் தீரக்கூடிய குழப்பம். மூன்று நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. அவர்கள் செய்து கொடுத்ததை நீங்கள் விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. அவர்களுக்கு அன்றைய கூலியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள், தேர்வானாலும் ஆகாவிட்டாலும். கூடலூர், பந்தலூரிலிருந்து வருபவருக்குப் பஸ் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். மதியம் சாப்பாடு வாங்கிக் கொடுத்துக் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். புரோகிராமர் என்றால் வெள்ளைப் பலகையில் புதிர் போடுவதைவிட, உங்கள் செயலியில் உள்ள ஒரு சின்னப் பிழையைக் காட்டி, "இது ஏன் வருகிறது என்று கண்டுபிடித்து எனக்குச் சொல்லுங்கள்" என்று விடுவது நல்லது. திருத்துவதைவிட, எப்படித் தேடுகிறார் என்பதைப் பாருங்கள்.

நேர்காணல்

எல்லோரிடமும் அதே ஆறு கேள்விகள், அதே வரிசையில். இரண்டு பேர் உட்காருங்கள். இருவரும் தனித்தனியாக 5-க்கு மதிப்பெண் எழுதிவிட்டு, அதற்குப் பிறகுதான் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். முதலாளி முதலில் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர் மதிப்பெண்ணும் அதே பக்கம் சாய்ந்துவிடும்.

நாங்கள் கேட்பவற்றில் சில: "நீங்கள் செய்த ஒரு வேலையில் தப்பு நடந்துவிட்டது. எப்போது தெரிந்தது, யாரிடம் முதலில் சொன்னீர்கள்?" "யாரும் சொல்லிக்கொடுக்காமல் நீங்களாகக் கற்றுக்கொண்டது எது? எங்களுக்கும் இப்போது அதைச் சொல்லிக்கொடுங்கள்." "ஒரு ஏஜென்ட் போனில் கத்துகிறார், தப்பு அவருடையதுதான். நீங்கள் என்ன சொல்வீர்கள்?" இரண்டாவது கேள்விக்கு ஒரு பையன் தேனீப்பெட்டி வைப்பதைப் பற்றி இருபது நிமிடம் சொன்னான். எங்களுக்கும் தேனீக்கும் சம்பந்தமில்லை. ஆனால் ஒரு பெட்டி ஏன் காலியானது என்று மூன்று மாதம் நோட்டில் எழுதிக் கண்டுபிடித்திருந்தான். சோதனைப் பிரிவுக்கு அவனை எடுத்தோம்.

தமிழிலேயே பேசுங்கள். வேலைக்கு ஆங்கிலம் தேவை என்றால் ஒரு மெயில் எழுதச் சொல்லித் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்கக் கூடாதவையும் உண்டு. "எப்போ கல்யாணம்?", "குழந்தையை யார் பார்த்துப்பாங்க?" இரண்டும் கூடாது. மலையில் இன்னொன்று சகஜமாக வந்துவிடும்: "நீங்க எந்த ஊரு? யார் வீட்டுப் பிள்ளை?" நாம் அன்பாகத்தான் கேட்கிறோம். ஆனால் இங்கே ஊர்ப் பெயரே பெரும்பாலும் சமூகத்தைச் சொல்லிவிடும். எதிரே இருப்பவருக்கு அது தெரியும், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேலைக்கு எடுத்த பிறகு பேச எவ்வளவோ நேரம் இருக்கிறது. அன்று மட்டும் கேட்காதீர்கள்.

டி.என்.பி.எஸ்.சி.க்குப் படிக்கிறீர்களா என்று கேட்கலாமா என்றால், நான் நேரடியாகக் கேட்டுவிடுகிறேன், கூடவே "படித்தால் தப்பில்லை, தேர்வுக்கு லீவு உண்டு" என்றும் சொல்லிவிடுகிறேன். மறைத்துக்கொண்டு படிப்பவரைவிட, சொல்லிவிட்டுப் படிப்பவரோடு திட்டம் போடுவது சுலபம்.

பிறகு பழைய முதலாளிகளில் இருவருக்குப் போன் செய்யுங்கள். "ஆள் எப்படி?" என்றால் "நல்ல ஆள்" என்றுதான் சொல்வார்கள். "மறுபடி வாய்ப்புக் கிடைத்தால் எந்த வேலைக்கு அவரை எடுப்பீர்கள், எதற்கு எடுக்க மாட்டீர்கள்?" என்று கேளுங்கள்.

ஜூலை மாதத்தைக் காட்டுங்கள்

வெளியூரிலிருந்து ஆள் எடுப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். பெங்களூருவில் பெரிய கம்பெனி ஒன்றில் எட்டு வருடம் இருந்த ஒருவர் எங்களைப் பார்க்க பிப்ரவரியில் வந்தார். நல்ல வெயில், நீல வானம், அலுவலக ஜன்னலில் பள்ளத்தாக்கு. நாங்களும் அதையே காட்டினோம். இங்கே வேலை செய்தால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று பேசினோம். மார்ச்சில் சேர்ந்தார். ஏப்ரலில் சீசன் என்று வீட்டுக்காரர் வீட்டைக் காட்டேஜாக விட வேண்டும் என்று காலி செய்யச் சொன்னார். ஜூனில் மழை பிடித்தது. ஜூலையில் மரம் விழுந்து நான்கு நாள் கரண்ட் இல்லை, இன்டர்நெட் இல்லை, துணி காயவில்லை. ஆகஸ்டில் அவர் கிளம்பினார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. இதில் ஒன்றுகூட எங்களுக்குத் தெரியாத விஷயம் இல்லை. சொன்னால் வரமாட்டாரோ என்று சொல்லாமல் விட்டோம். ஐந்து மாதச் சம்பளமும், அதைவிட முக்கியமாக அவருடைய ஐந்து மாதமும் போயிற்று.

இப்போது வெளியூர் ஆள் என்றால், முடிந்தவரை ஜூலையில் ஒரு வாரம் வரச் சொல்கிறோம், எங்கள் செலவில். குடும்பம் இருந்தால் குடும்பத்தோடு. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று காட்டுகிறோம். 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் ஏப்ரல், மே மாதத்துக்குக் காலி செய்யச் சொல்லக் கூடாது என்ற வரியைச் சேர்த்து, கம்பெனி பெயரிலேயே வீடு எடுத்துக் கொடுக்கிறோம். அலுவலகத்தில் இரண்டு இன்டர்நெட் இணைப்பு, பேட்டரி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை. வந்து பார்த்துவிட்டு இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருவர் சேர்ந்து மூன்றாவது மழையையும் பார்த்துவிட்டார்.

முடிவு சொல்வதும் கடிதமும்

முடிவை ஒரு வாரத்துக்குள் சொல்லுங்கள். மூன்று வாரம் இழுத்ததால், எங்களுக்குப் பிடித்த ஒரு பையன் திருப்பூரில் சேர்ந்துவிட்டான். தேர்வாகாதவர்களுக்கும் போன் செய்து சொல்லுங்கள். சின்ன ஊர், நாளைக்கே மார்க்கெட்டில் எதிரே வருவார்கள்.

பணி நியமனக் கடிதம் கட்டாயம். சம்பளம், அதன் பிரிவுகள், வேலை நேரம், லீவு, தகுதிகாண் காலம், விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ், எல்லாம் அதில் இருக்கட்டும். தமிழில் ஒரு பிரதியும் கொடுங்கள். யாருடைய அசல் சான்றிதழையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். அப்படிப் பிடித்து வைத்துத்தான் ஒருவரை இருக்கவைக்க முடியும் என்றால் அந்த வேலையில் ஏதோ கோளாறு இருக்கிறது.

பெரிய சம்பளம் கொடுக்க முடியாதபோது கம்பெனிப் பங்கு தருவதாகச் சொல்வது ஸ்டார்ட்அப் வழக்கம். பிரைவேட் லிமிடெட் போலப் பங்குகள் உள்ள கம்பெனியாக இருந்தால்தான் பங்கு தர முடியும், கூட்டாண்மை நிறுவனத்திலும், எல்.எல்.பி. என்ற வரையறுத்த பொறுப்புள்ள கூட்டாண்மையிலும் முடியாது. சட்டப்படி, தருவதாக எழுதிய நாளிலிருந்து குறைந்தது ஒரு வருடம் கழித்துத்தான் அந்த உரிமை ஊழியருக்கு வர முடியும். வழக்கமாக நான்கு வருடத்தில் படிப்படியாகக் கொடுப்பார்கள். உரிமையைப் பயன்படுத்திப் பங்கு வாங்கும்போது வரி வரும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "இது நாளைக்கு ஒன்றுமில்லாமலும் போகலாம், இதை நம்பிக் கடன் வாங்காதீர்கள்" என்பதையும் சொல்லுங்கள். ஒருவருக்கு விளக்கும்போது அவருடைய அப்பாவும் கூட வந்திருந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, "ஏலச்சீட்டு மாதிரிங்களா?" என்றார். இல்லை, நாற்று வைப்பது மாதிரி என்றேன். மூன்று நான்கு வருடம் இலை வராது, செடி பிழைக்காமலும் போகலாம் என்றதும் அவருக்குச் சட்டென்று புரிந்தது. சம்பளத்தில் கை வைக்காமல் கொடுப்பதாக இருந்தால் சரி என்றார். அன்றிலிருந்து நாங்களும் அப்படித்தான் செய்கிறோம்.

வீட்டாரை அலுவலகத்துக்கு அழைத்துக் காட்டுவது நல்ல பழக்கம். பெண்கள் வேலை செய்யும் இடத்தில் புகார்க் குழு பற்றியும் சொல்லுங்கள். 10 பேர் ஆனால் 2013 சட்டப்படி உள்குழு அமைக்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். சுவரில் எழுதி ஒட்டி வையுங்கள்.

முதல் மாதம்

முதல் நாள் காலையில் மேஜை, கம்ப்யூட்டர், மெயில் முகவரி தயாராக இருக்க வேண்டும். கேள்வி கேட்க ஒரு ஆளைக் காட்டிவிடுங்கள், அது நீங்களாக இருக்க வேண்டாம், உங்களிடம் கேட்கத் தயங்குவார்கள். சம்பளத்தை ஒன்றாம் தேதி போடுங்கள். 30-ஆவது நாள் தனியாக உட்கார்ந்து, நாங்கள் சொன்னதற்கும் நீங்கள் பார்த்ததற்கும் என்ன வித்தியாசம் என்று கேளுங்கள். விளம்பரத்தில் திருத்த வேண்டியது அங்கேதான் கிடைக்கும்.

சரிவரவில்லை என்றால் மூன்றாவது மாதத்துக்குள் சொல்லிவிடுங்கள். என்ன சரியில்லை என்பதை ஏற்கெனவே இரண்டு முறையாவது சொல்லியிருக்க வேண்டும். திடீரென்று சொல்வது அநியாயம்.

எங்கள் கம்பெனியில் புரோகிராமராக இருந்தாலும், கணக்குப் பார்ப்பவராக இருந்தாலும், இரண்டாவது நாள் கம்ப்யூட்டர் கிடையாது. மதியம் ஏஜென்ட்டின் வண்டியில் ஏறி இலை எடைபோடும் இடத்துக்குப் போக வேண்டும். குடை, பூட்ஸ் கம்பெனி கொடுக்கும், அட்டைப்பூச்சிக்கு உப்புப் பொட்டலமும் உண்டு. பறித்த மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும் பெண்கள், தராசு முள், ஈர இலைக்கு ஏஜென்ட் கழிக்கும் கழிவு, அதற்கு அவர்கள் போடும் சண்டை, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, யாராவது ஒருவருடைய சீட்டைத் தன் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, ஆறு மணி பஸ்ஸுக்கு வந்துவிட வேண்டும். மறுநாள் காலையில் அவர்கள் கேட்கும் கேள்விகளை நான் உட்கார்ந்து எழுதிக்கொள்கிறேன்.